வேடமும் விருப்பமும்

திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்புவோரின் பேச்சைச் செவிமடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். கதையைப் பற்றித் தொடங்கும் பேச்சு, பாதி வழியிலேயே நடித்தவரைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். "உள்ளே இல்லாதது வெளியே வருமா?" என்று ஒருவர் கேட்பார். "இவ்வளவு இயல்பாக அந்தக் கொடுமையைச் செய்கிறாளே, பிறவியிலேயே அப்படிப்பட்டவளாய்த்தான் இருக்க வேண்டும்" என்று மற்றொருவர் முடிவுகட்டுவார். நேரில் ஒருநாளும் பழகியிராத ஒருவரின் உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு, பேருந்து நிறுத்தம் வந்து சேர்வதற்குள் எழுதி முத்திரையிடப்பட்டு விடுகிறது.

இத்தகைய தீர்ப்பை வழங்க நமக்கு உரிமை உண்டா? ஏற்ற வேடத்தைக் கொண்டு ஏற்றவரின் விருப்பு வெறுப்புகளை அறிந்துவிட முடியுமா? பொழுதுபோக்கு ஏடுகளுக்கு உரிய கேள்வி இது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆயினும், பிறர் நற்பெயரைக் காப்பது எட்டாம் கட்டளையின்பாற்பட்ட கடமை என்று சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் கற்றவர்கள் நாம். போதிய சான்றின்றி அயலாரிடம் ஒழுக்கக்குறை உண்டென்று மனத்தளவில் நம்பிவிடுவதும் குற்றமே எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அந்த அயலார் கடலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் வாழ்கிறவர் என்பதால் கட்டளை தளர்ந்துவிடாது.

கேள்வி அந்தரத்தில் நிற்காதிருக்க ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்வோம். மென்மயிர் அங்கி, மேலைநாட்டார் ஃபர் கோட்டு என்பது. மிங்க், நரி, எர்மின் போன்ற குளிர்நாட்டு விலங்குகளின் தோலை மயிரோடு பதப்படுத்தித் தைத்த மேலாடை. வெயிலில் வாழும் நம்மில் பெரும்பாலோர் அதைத் திரையிலன்றி வேறெங்கும் கண்டதில்லை. எனவே அந்த அங்கி நம் கண்ணுக்குத் தோன்றும்போதே ஒரு கதையோடுதான் தோன்றுகிறது: செல்வச் செருக்குடைய சீமாட்டி, மயக்கும் அழகி, இரக்கமற்ற உள்ளம். அதை அணிந்து நடித்த நடிகையரும் அத்தகையோரே என்று எண்ணுவது நமக்கு மிக எளிதாகி விடுகிறது.

இவ்வகைப் பாத்திரங்களில் உலகறிந்தது குரூயெல்லா. டால்மேஷியன் எனப்படும், வெண்ணிற உடலில் கரும்புள்ளிகள் கொண்ட நாய்க்குட்டிகளைத் திருடி, அவற்றின் தோலை உரித்து அங்கி தைத்துக்கொள்ள விழையும் கொடியவள் அவள். 1956-இல் ஆங்கில எழுத்தாளர் டோடி ஸ்மித் எழுதிய சிறுவர் கதையில் பிறந்தாள். 1961-இல் டிஸ்னி நிறுவனத்தின் கேலிச்சித்திரப் படத்தில் உயிர்பெற்றாள். 1996-இல் கிளென் குளோஸ் என்னும் அமெரிக்க நடிகை அவளுக்கு உடலும் குரலும் தந்தார். 2000-இல் வந்த அடுத்த படத்திலும் அவரே நடித்தார். தோலைக் கண்டதும் அவர் கண்களில் மின்னிய பேராசையைப் பார்த்த குழந்தைகள் அஞ்சினார்கள், பெரியவர்கள் பாராட்டினார்கள். பாராட்டியவர்களுள்ளும் 'இவருக்கு உண்மையிலேயே இதில் ஆசை இருக்குமோ' என்று ஐயுற்றவர்கள் இருந்திருப்பார்கள்.

உண்மை என்ன? கிளென் குளோஸ் நாய்களிடம் பேரன்பு கொண்டவர் என்பது அவரை அறிந்த எவருக்கும் தெரிந்த செய்தி. அது மட்டுமா? அப்பாத்திரத்தைப் படைத்த டோடி ஸ்மித் அம்மையாரே டால்மேஷியன் நாய்களைத் தம் இல்லத்தில் சீராட்டி வளர்த்தவர். தம் முதல் நாயின் பெயரையே கதையின் நாயகனான நாய்க்கும் சூட்டினார். அவருடைய நாய்களைப் பார்த்த தோழி ஒருத்தி, 'இவற்றின் தோல் நல்ல அங்கிக்கு ஆகுமே' என்று விளையாட்டாய்ச் சொன்ன சொல்லே அக்கதைக்கு வித்தாயிற்று என்பர். படைத்தவரும் நாயை நேசித்தவர். நடித்தவரும் நாயை நேசிப்பவர். தோல் வெறி இவ்விருவருக்கும் இடையில், தாளிலும் திரையிலும் மட்டும் இருக்கிறது. ஒருவேளை அவ்வெறியை அத்துணைத் தெளிவாகக் காணவும் காட்டவும் இவர்களுக்கு இயன்றதே அதற்கு எதிர்ப்புறத்தில் நின்றதால்தானோ என்னவோ.

திரையில் ஒருவர் அணியும் ஆடை அவருடைய வீட்டு அலமாரியிலிருந்து வருவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். கதையை வாசித்து, பாத்திரத்தின் வயதையும் வசதியையும் வன்மத்தையும் கணக்கிட்டு, ஆடை வடிவமைப்பாளர் வரைந்து தருகிறார், தையற்கூடம் தைக்கிறது, இயக்குநர் ஒப்புகிறார், நடிகர் உடுத்துகிறார். கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்தில் மென்மயிருக்கு மற்றொரு பயனும் இருந்தது. பின்னாலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சினால் மயிர் நுனிகள் ஒளிர்ந்து, முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழும். 1932-இல் வெளிவந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லீன் டீட்ரிக் இறகும் மென்மயிரும் சூழத் தோன்றும் காட்சிகளில் முதல் வேலை செய்வது ஒளிப்பதிவாளரின் கணக்கே. நடிகையின் விருப்பம் அதற்குப் பின்னர் வருவது, வந்தால்.

கிளென் குளோஸைப் பொறுத்தவரை ஒரு சுவையான செய்தி உண்டு. படம் முடிந்தபின் தாம் அணிந்த உடைகள் தமக்கே உரியவை என்று தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது அவர் வழக்கம். குரூயெல்லாவின் உடைகளையும் அவ்வாறே பெற்றுக்கொண்டார். 'பார்த்தீர்களா, ஆசை இருந்ததால்தானே வாங்கி வைத்துக்கொண்டார்?' என்று துள்ளி எழ வேண்டாம். பல ஆண்டுகள் பேணிக் காத்த அந்தத் தொகுப்பை அவர் 2017-இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்திற்கு அளித்துவிட்டார். அங்கே மாணவர்கள் அவற்றைக் கொண்டு ஆடைக்கலை பயில்கிறார்கள். அவர் விரும்பியது தையற்கலைஞரின் கைவேலையை. ஒரே செயலை இருவேறு விருப்பங்கள் பிறப்பிக்கக்கூடும். செயலை மட்டும் பார்க்கிறவன் தவறான விருப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு டோரிஸ் டே. பாடகியாகவும் நடிகையாகவும் 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்க மக்களின் செல்லப்பிள்ளையாய் விளங்கியவர். 1962-இல் அவர் கேரி கிராண்ட்டுடன் நடித்த ஒரு நகைச்சுவைப் படத்தின் பெயரிலேயே மிங்க் தோல் இருந்தது. அப்படத்தில் அவர் வேலையற்ற ஏழைப் பெண். செல்வந்தர் ஒருவரின் மகிழுந்து அவர்மீது சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகிறது. அந்தச் சேற்றில் தொடங்கும் அறிமுகம், விலையுயர்ந்த ஆடைகள் வழியாகவும் மிங்க் அங்கி வழியாகவும் அவருடைய கற்பையே விலைபேசும் நிலைக்கு நகர்கிறது. படம் நகைச்சுவையாய்த் திருமணத்தில் முடிந்தாலும், அந்த அங்கியைத் தொட்டுப் பார்க்கும் பெண்ணின் முகத்தில் தெரியும் ஏக்கம், அரங்கிலிருந்த ஆயிரமாயிரம் நடுத்தரக் குடும்பப் பெண்களின் ஏக்கமாகவே இருந்தது.

அப்படிப்பட்டவரின் சொந்த வாழ்க்கை எப்படி? அந்தப் படத்திற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, ஹிட்ச்காக் இயக்கிய 'அளவுக்கு மிஞ்சி அறிந்தவன்' படத்திற்காக மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகருக்குச் சென்றிருந்தார். படப்பிடிப்பில் பயன்பட்ட விலங்குகள் பசியால் எலும்பும் தோலுமாய் இருப்பதைக் கண்டு, அவற்றிற்கு ஒழுங்காக உணவளிக்காவிட்டால் தாம் நடிக்கப்போவதில்லை என்று உறுதியாய் நின்றார். படக்குழுவினர் விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்த பின்னரே வேலை தொடர்ந்தது. 1971-இல், விலங்குத் தோல் அங்கிகளை அணிவதைத் துறப்பதாகப் பொதுமக்களுக்கு அறிவித்த நடிகையருள் அவரும் ஒருவர். (அந்த அறிவிப்பு வெளியானது செயற்கை மென்மயிர்த் துணி விளம்பரத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும், வணிகம் எந்த நற்பண்பையும் சும்மா விடுவதில்லை.) 1978-இல் ஆதரவற்ற விலங்குகளுக்காக ஓர் அறக்கட்டளையையும், 1987-இல் விலங்குகளைக் காக்கும் சட்டங்களுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். 2019-இல் தம் 97-ஆம் வயதில் இறக்கும்வரை அதுவே அவர் வாழ்வாயிருந்தது. 1962-இல் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'இவளுக்கு மிங்க் என்றால் உயிர்' என்று எவராவது முடிவுகட்டியிருந்தால், அவர் எவ்வளவு தூரம் வழி தவறியிருப்பார்!

பிரான்சு நாட்டின் பிரிஜித் பார்தோவின் கதை இன்னும் சிக்கலானது. 1973-இல் திரையை விட்டு விலகியவர், 1977-இல் கனடாவின் பனிப்பாறைகளுக்கே சென்று, தோலுக்காகச் சீல் குட்டிகள் அடித்துக் கொல்லப்படுவதை உலகறியச் செய்தார். 1983-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அக்குட்டிகளின் தோலை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. திரையில் கட்டற்ற இன்பத்தின் உருவமாய்க் காட்டப்பட்ட பெண்ணிடம் இத்தகைய உறுதியை எதிர்பார்த்தவர் யார்? அதே வேளையில், பிற இனத்தாரின்மீது வெறுப்பைத் தூண்டும் சொற்களுக்காகப் பிரெஞ்சு நீதிமன்றங்கள் அவருக்குப் பன்முறை அபராதம் விதித்ததும் உண்மை. வேடம் ஒருவரின் உள்ளத்தைக் காட்டாதது போலவே, அவர் வெளிப்படையாய் அறிவித்த நல்விருப்பமும் முழு உள்ளத்தையும் காட்டிவிடுவதில்லை.

மென்மயிரைத் தொட்டு ஆளை அறிய முயன்று ஏமாந்தவர்களின் வரிசை மிகப் பழைமையானது. தொடக்கநூலில் பார்வை மங்கிய ஈசாக்கு அவ்வாறே ஏமாந்தார். ஏசா உடலெங்கும் மயிர் அடர்ந்தவர். யாக்கோபு வழவழப்பான உடலினர். தாய் ரெபேக்கா வெள்ளாட்டுக் குட்டிகளின் தோலை இளையவரின் கைகளிலும் கழுத்திலும் போர்த்தி அனுப்பினார். குரல் ஐயத்தை எழுப்பியும், தடவிப் பார்த்த கை ஐயத்தை அடக்கிவிட்டது. ஈசாக்கு தோலை நம்பினார். ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வோம். யாக்கோபு தாம் வேடமிட்டிருப்பதை மறைத்தார். தந்தை அதை அறியாதிருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். நடிகரோ தாம் வேடமிட்டிருப்பதை நுழைவுச்சீட்டு விற்கும்போதே அறிவித்துவிடுகிறார். ஏமாற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வரும்?

இக்கேள்வியை நமக்கு முன்னரே ஆழ்ந்து சிந்தித்தவர் புனித அகுஸ்தினார். இளமையில் கார்த்தேஜ் நகர நாடக அரங்குகளில் கண்ணீர் சிந்தியவர் அவர். பின்னாளில் அக்கண்ணீரைக் குறித்து வருந்தியவர். ஆனால் மனந்திரும்பி, திருமுழுக்குப் பெறுவதற்கு முன் மிலான் நகரருகே ஒதுங்கி வாழ்ந்த 386-387 காலத்தில் அவர் எழுதிய 'தனிமொழிகள்' என்னும் நூலில், நடிகரைப் பற்றி வியப்பூட்டும் நுட்பம் ஒன்று காணப்படுகிறது. உரோமையில் ரோஸியுஸ் என்னும் பெயர்பெற்ற நடிகர் இருந்தார். துரோய் நகர அரசி எக்குபாவாக அவர் மேடையில் தோன்றுவார். அப்போது அவர் பொய்யான எக்குபா. இயற்கையில் உண்மையான மனிதர். அதே வேளையில் உண்மையான நடிகர். பொய்யான எக்குபாவாய் இருக்க மறுத்தால் அவர் உண்மையான நடிகராய் இருக்க இயலாது என்கிறார் அகுஸ்தினார். குருமடத்தில் இப்பகுதியை முதன்முறை வாசித்தபோது நாம் அதை வெறும் தர்க்க விளையாட்டாக எண்ணிக் கடந்துவிட்டோமா, இல்லையா என்பது நினைவில்லை. இன்று வாசிக்கையில் அது நடிகருக்கு வழங்கப்பட்ட நீதியாகவே தோன்றுகிறது. எக்குபாவின் துயரத்தைக் கொண்டு ரோஸியுஸின் குடும்ப வாழ்வை அளக்கக் கூடாது. அவர் தொழிலில் உண்மையாய் இருந்தாரா என்பதை மட்டுமே அந்த மேடை நமக்குச் சொல்லும்.

ஆனால் திருச்சபையின் வரலாறு முழுவதும் இந்த நீதி கடைப்பிடிக்கப்பட்டதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கம், கூத்தர்கள் தொழிலைத் துறந்தாலன்றி அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்றது. 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், நாடகத் தொழிலில் இருக்கும்வரை அவர்களுக்கு நற்கருணை உறவை மறுத்தது. அன்றைய உரோமை அரங்குகளில் குருதியும் காமமும் கிறிஸ்தவ மறையைக் கேலி செய்தலும் மலிந்திருந்தன என்பதால், அக்கண்டிப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்நியாயம் மறைந்த பின்னும் கண்டிப்பு மறையாததே துயரம். பிரான்சில் மோலியேர் 1673 பிப்ரவரி 17 அன்று, நோயே இல்லாமல் நோயாளி என்று தன்னைக் கற்பனை செய்துகொள்ளும் ஒருவனின் வேடத்தில் மேடையில் நின்றார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கோ உண்மையிலேயே நோய் முற்றியிருந்தது, அன்றிரவே இறந்தார். வேடம் நடிகரைக் காட்டிக்கொடுக்கும் என்று வாதிடுவோர் அந்த இரவை நினைத்துப் பார்க்கட்டும். பங்குக் குருக்கள் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. நடிகர் என்பதால் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டு, அரசர் பதினான்காம் லூயியின் தலையீட்டுக்குப் பின், இரவு வேளையில் ஆரவாரமின்றிப் புதைக்கப்பட்டார்.

இத்தனைக்கும் நாலு நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித அக்குவினா தோமையார் இதைத் தீர்த்து வைத்திருந்தார். மனித வாழ்வுக்கு இளைப்பாறுதல் தேவை; அதை வழங்கும் கூத்தரின் தொழில் தன்னளவில் தவறானதன்று என்று தம் இறையியல் தொகுப்பில் எழுதுகிறார். பாலைநிலத் துறவி பப்னூசியாருக்கு, மறுவுலகில் அவருக்கு இணையாய் அமரப்போகிறவர் ஒரு கூத்தர் என்று வெளிப்படுத்தப்பட்ட செய்தியையும் அவ்விடத்தில் சுட்டுகிறார். துறவிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை! அருள் சின்னப்பர் என்று நம் முதியோர் அழைத்துப் பழகிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இளமையில் நடிகரே. நாசிகள் ஆண்ட கிராக்கோ நகரில் 1941 முதல் மறைவாக இயங்கிய நாடகக் குழுவில் அவர் நடித்தார்.

வேடத்தையும் வாழ்வையும் ஒன்றாக்கும் மயக்கம் நல்ல வேடங்களிலும் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் ஓபராமெர்கௌ என்னும் சிற்றூர், கொள்ளைநோயிலிருந்து காக்கப்பட நேர்ந்துகொண்டு, 1634 முதல் ஆண்டவரின் பாடுகளை நாடகமாய் நடித்து வருகிறது. பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்நாடகத்தில், திருமணமான பெண்களும் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும் நடிக்கக்கூடாது என்ற விதி நெடுங்காலம் நிலவியது. 1990-இல் நீதிமன்றம் தலையிட்டே அது நீங்கியது. அன்னை மரியா கல்வாரியில் நின்றபோது அவருக்கு வயது என்ன, அவர் ஒரு தாய் அல்லவா என்று அதற்குமுன் அவ்வூரார் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ!

நம் பங்குகளிலும் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் போடுகிறவர்கள் உண்டு. இயேசுவின் வேடத்திற்கு ஆள் தேட வேண்டியதில்லை, யூதாசுக்குத்தான் கிடைப்பதில்லை. ஒப்புக்கொண்டு திறம்பட நடித்தவரை, உயிர்ப்புப் பெருவிழா கழிந்த பிறகும் 'என்ன யூதாசு, முப்பது வெள்ளிக்காசு கைவசம் இருக்கா?' என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். கேட்பவர் விளையாட்டாய்த்தான் கேட்கிறார். ஆனால் அவருடைய பிள்ளையைப் பள்ளியில் வேறு பிள்ளைகள் அழைக்கும் பெயர் விளையாட்டாய் இராது. தமிழ்த் திரையுலகிலும் இதே கதைதான். எம்.என்.நம்பியார் திரையில் செய்யாத கொடுமை இல்லை. தாய்மார்கள் திரையை நோக்கிச் சாபமிட்டார்கள். வாழ்விலோ அவர் மதுவும் புலாலும் தொடாதவர். ஆண்டுதோறும் சபரிமலைக்குச் சென்ற பக்தர். பலரும் குருசாமி என்று வணங்கி உடன் சென்றவர். அச்சாபங்களுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு மறுப்பு எழுவதை நாம் உணர்கிறோம். அப்படியானால் நடிகருக்குப் பொறுப்பே இல்லையா? 'அது வேடம்' என்று சொல்லிக் கைகழுவிவிடலாமா? நம் முடிவு, முடியாது என்பதே. தாம் விரும்பாத ஒன்றைப் பிறர் விரும்பும்படி செய்யும் வல்லமை நடிகருக்கு உண்டு. அதுவே அவர் திறமை. டோரிஸ் டே விலங்குகளை நேசித்தார் என்பதால், அவர் படத்தைப் பார்த்து மிங்க் அங்கிக்காக ஏங்கிய பெண்ணின் ஏக்கம் இல்லாமற் போய்விடவில்லை. நீண்ட மிங்க் அங்கி ஒன்றைத் தைக்க ஏறத்தாழ ஐம்பது விலங்குகளின் தோல் வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை கம்பிக் கூண்டுகளில் தோலுக்கென்றே வளர்க்கப்பட்டவை. 2020-இல் கொரோனாத் தொற்று அப்பண்ணைகளில் பரவியபோது, டென்மார்க் நாடு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகளைக் கொன்று புதைத்ததை நாளேடுகளில் கண்டோம். அத்தனை கூண்டுகளைக் கட்டிய ஆசை எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு திரையிலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆடைக்கு விலங்கின் தோலைப் பயன்படுத்துவதே பாவம் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. ஏதேனை விட்டு வெளியேறிய முதல் பெற்றோருக்குத் தோலாடை உடுத்தி அனுப்பியவர் ஆண்டவரே. உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம், ஆயின் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது மறைக்கல்வி நூல். பனிநாட்டில் குளிருக்குத் தோல் போர்த்தும் எஸ்கிமோ வேட்டைக்காரரும், வெப்பமூட்டிய மாளிகையில் விருந்தினர் காண மிங்க் போர்த்தும் சீமாட்டியும் ஒன்றல்லர். நடிகையைப் பார்த்து 'இவளுக்கு அதில் ஆசையா?' என்று கேட்கும் நாம், 'இதைப் பார்த்தபின் எனக்கு எதில் ஆசை பிறந்தது?' என்று கேட்பதில்லை. திரை காட்டிக்கொடுக்கும் விருப்பம் ஒன்று உண்டென்றால், அது இருட்டில் அமர்ந்து பணம் கொடுத்துப் பார்க்கிறவரின் விருப்பமே. தயாரிப்பாளர் கணக்குப் பார்ப்பதும் அதைத்தான்.

ஆண்டவர் இயேசு பரிசேயரைக் கடிந்த சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு முதற்பொருள் மேடை நடிகர் என்பதே. நம் திருவிவிலியம் அதை 'வெளிவேடக்காரர்' என்று அழகாகப் பெயர்த்திருக்கிறது. ஆனால் ஆண்டவர் அச்சொல்லால் சாடியது மேடையில் நின்றவர்களை அன்று. தெருமுனையில் நின்று செபித்தவர்களை. நடிகர் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். பரிசேயர் ஒப்பனையோடே உறங்கச் செல்கிறார். 'கூத்தாடி' என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்துவோர் இவ்விருவரில் யாரைக் குறிக்கிறார்கள் என்று ஒருமுறை சிந்திப்பது நலம்.

நடிப்பில் நடிப்பவரின் உள்ளம் சிறிதளவும் தெரியவே தெரியாதா என்றால், தெரியும் என்றே நாம் கருதுகிறோம்; ஆனால் அங்கியில் அன்று. கிளென் குளோஸ் 1987-இல் 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' என்னும் படத்தில், மணமான ஒருவரைத் துரத்தி அவர் குடும்பத்தையே அச்சுறுத்தும் பெண்ணாக நடித்தார். அப்பெண்ணின் மனநிலையை அறிய உளநோய் மருத்துவர்களை நாடிக் கேட்டறிந்தார். முன்னோட்டம் பார்த்தவர்கள், அவள் கொல்லப்பட வேண்டும் என்று விரும்பியதால் படத்தின் முடிவு மாற்றப்பட்டது. அவள் நோயுற்றவள், அரக்கி அல்லள் என்று வாதிட்டுக் குளோஸ் அந்த மாற்றத்தை நெடிது எதிர்த்தார். இறுதியில் இணங்க நேர்ந்தது. பின்னர் 2010-இல் மனநோய் குறித்த களங்கத்தைப் போக்க ஓர் அமைப்பை நிறுவியவர்களில் அவரும் ஒருவரானார். அவருடைய உள்ளத்தை அறிய விரும்புவோர், தாம் நடித்த தீயவளுக்காக அவர் வழக்காடியதைப் பார்க்கட்டும். வெறுக்கத்தக்கவளையும் உள்ளிருந்து புரிந்துகொள்ள முயல்வது நம்மில் எத்தனை பேருக்கு இயல்கிறது? ஒப்புரவு அருளடையாளத் தொட்டியில் அமர்ந்து பல்லாண்டுகள் செவிமடுத்த குருக்களுக்கே அது எளிதாய் வருவதில்லை.

1939-இல் வெளிவந்த 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' படத்தில் பச்சை முகத்துடன் தோன்றிய கொடிய சூனியக்காரியைக் கண்டு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அஞ்சினர். அவ்வேடத்தில் நடித்த மார்கரெட் ஹாமில்டன், திரைக்கு வருமுன் மழலையர் பள்ளி ஆசிரியையாய் இருந்தவர். 1975-இல் அமெரிக்கக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், தம் எழுபதுகளில் இருந்த அந்த அம்மையார் சாதாரண உடையில் வந்து அமர்ந்தார். சூனியக்காரியின் கறுப்புப் பாவாடையையும் மேலாடையையும் போர்வையையும் கூம்புத் தொப்பியையும் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக எடுத்து அணிந்து காட்டினார். நீங்கள் வீட்டில் வேடம் போட்டு விளையாடுவீர்களே, அதுபோலத்தான் இதுவும் என்று புன்னகையோடு அவர்களுக்கு விளக்கினார்.